யாருக்குக் கடன்பட்டவர்?



கொடைக்கானலுக்குச் சென்று வந்தவர்கள் வட்டக்கானலைப் பார்த்திருப்பார்கள். டால்பின் மூக்குப் பாறை வரை நடந்து, பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்து, சூடாகத் தேநீர் அருந்தித் திரும்பியிருப்பார்கள். அந்தப் பாறைக்கும் கீழே ஒரு காட்டுப் பாதை இறங்கிச் செல்கிறது. அதன் வழியே நெடுந்தூரம் நடந்தால் வெள்ளகவி என்னும் சிற்றூர் வரும். மேலும் இறங்கினால் பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவி. பல தலைமுறைகளாக அவ்வூர் மக்களுக்குத் தெரிந்த போக்குவரத்து இரண்டே: தம் கால்கள், குதிரையின் கால்கள்.

கொடைக்கானல் என்னும் நகரம் தோன்றுவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது. 1821-ஆம் ஆண்டில் பழனி மலைகளை அளக்க வந்த ஆங்கிலேயப் படையதிகாரி பி. எஸ். வார்டு, இவ்வூரைத் தங்குமிடமாகக் கொண்டுதான் மேலே ஏறினார். அதன் பின்னரே, 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மேலே வீடு கட்டினர். வழி கேட்டு வந்தவர்கள் கட்டிய நகரத்துக்குத் தார்ச்சாலை வந்தது. வழி காட்டிய ஊர் காட்டுப் பாதையோடு நின்றுவிட்டது. ஊர் எல்லைக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்பது அம்மக்களின் பழைய வழக்கம். தம் மண்ணை அவ்வளவு மதிக்கும் மக்கள், நோயாளியை டோலியில் வைத்துச் சுமந்துதான் மருத்துவமனை சேர்க்க வேண்டியிருந்தது.

ஆயினும் தேர்தல் மட்டும் அவ்வூருக்குத் தவறாமல் வந்துவிடும். வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறும். அதிகாரிகள் கைத்தடி ஊன்றி நடப்பார்கள். வாக்கு பதிவானதும் இயந்திரம் அதே பாதையில் திரும்பிவிடும். ஒரு வாக்கும் விடுபடக் கூடாது என்று இவ்வளவு பாடுபடும் நம் நாட்டு ஏற்பாடு உண்மையிலேயே பெருமைக்குரியது. ஆனால் அந்த வாக்கைப் பெற்றுச் சென்றவர் அதே அக்கறையோடு திரும்பி வந்தாரா என்பதே கேள்வி.

வெள்ளகவி, பழனி சட்டமன்றத் தொகுதியையும் அதன் வழியாகத் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியையும் சேர்ந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று இத்தொகுதியில் வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர். சச்சிதானந்தம் போட்டியிட்டார். அ.இ.அ.தி.மு.க. கூட்டணியில் எஸ்.டி.பி.ஐ. கட்சியின் முகமது முபாரக் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றார். பா.ஜ.க. கூட்டணியில் பா.ம.க.வின் திலகபாமா நின்றார். சச்சிதானந்தம் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வென்றவரைப் போற்றுவதும் தோற்றவரைத் தூற்றுவதும் நம் நோக்கமன்று. ஒரு வேட்பாளரிடம் ஒரு குடும்பம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இத்தேர்தல் நல்ல பாடமாக இருப்பதால் அதனை எடுத்துக்கொள்கிறோம்.

கேட்க வேண்டியவை மூன்று. வந்தவர்களையும் குடியுரிமையையும் பற்றி அவர் கருத்து யாது? அவரைக் கொண்டுவந்து நிறுத்தும் பணம் யாருடையது? நம் அடுப்பங்கரைச் செலவு பற்றி அவர் என்ன செய்வார்? மூன்றும் வெவ்வேறாகத் தோன்றும். உண்மையில் மூன்றும் ஒன்றே. எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதற் கேள்வி: வந்தவர் யார், நம்மவர் யார்?

குடியேற்றம் என்றதும் அது எங்கோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேசப்படும் விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் குடும்பங்களின் கதையே குடியேற்றத்தின் கதைதான். நம் பாட்டன்மார் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்தனர். நம் பிள்ளைகள் ரியாத்திலும் துபாயிலும் இகாமாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உழைக்கின்றனர். அடுத்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வரி மாறினால் இங்கே ஒரு வீட்டில் அடுப்பு அணைவதை நாம் கண்டிருக்கிறோம். 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்களில் நம்மவரும் இருந்தனர்.

மலைப்பகுதிக்கும் இக்கதை புதிதன்று. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தமிழர் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரைக் கணக்கிட்டுப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்னர் 1974-இல் வந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைகளிலும் கூலி வேலை தேடிக் குடியேறினர். கேட்காமலே பிரிக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்தவர்களின் நிலை இதனினும் கடினம். தமிழக முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்து வந்தனர். திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் அவர்களுக்கென 321 வீடுகள் திறக்கப்பட்டன. வீடு கிடைத்தது; குடியுரிமை கிடைக்கவில்லை. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, மணமுடித்த இளைஞர்களுக்கும் வாக்கு இல்லாத நிலை. 2025 செப்டம்பரில் நடப்புக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ், 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தண்டனை இல்லை என்பது ஆறுதலே. எனினும் அதுவே குடியுரிமை ஆகாது.

இந்தப் பின்னணியில்தான் 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறித்தவர் ஆகியோருக்கு அது வழி திறந்தது. முஸ்லிம்கள் பட்டியலில் இல்லை. இலங்கை என்னும் நாடும் இல்லை. ஆகவே தோட்டனூத்துத் தமிழரும் வெளியே. சட்டத்தை ஆதரிப்பவர்கள், அண்டை நாடுகளில் சமயத்தின் பெயரால் துன்புற்றவர்களுக்கான சலுகை இது, இந்தியக் குடிமகன் எவருடைய உரிமையையும் இது பறிக்காது என்கின்றனர். எதிர்ப்பவர்கள், குடியுரிமைக்குச் சமயத்தை அளவுகோலாக்கியதே அரசியல் சட்டத்துக்குப் புறம்பு என்கின்றனர். இச்சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பர் 8 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. விதிகளோ 2024 மார்ச் 11 அன்று வெளியாயின. ஐந்து நாட்களில் தேர்தல் அறிவிப்பும் வந்தது.

திண்டுக்கல்லில் சச்சிதானந்தத்தின் கட்சி, சட்டத்தை நீக்குவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. முபாரக்கின் எஸ்.டி.பி.ஐ. கட்சி அதனைத் தொடக்கம் முதலே எதிர்த்தது. ஆனால் அவர் நின்ற சின்னத்துக்குரிய அ.இ.அ.தி.மு.க., 2019-இல் மாநிலங்களவையில் அதே சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்தது. பின்னர் 2021 தேர்தல் அறிக்கையில் அதனைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்றது. திலகபாமாவின் கட்சியைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினரும் 2019-இல் ஆதரவாகவே வாக்களித்தார். அன்று மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 1985-ஆம் ஆண்டுக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியையே இழக்கக்கூடும். ஆகவே வேட்பாளர் நல்லவரா, நம்மவரா என்று கேட்பதோடு நிறுத்திவிடலாகாது. அவர் எந்தக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர் என்றும் கேட்டாக வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பணம் யாருடையது?

பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ஒருவர் செலவிடத்தக்க உச்ச வரம்பு, 2022 சனவரியில் 95 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்சி செலவிடுவதற்கோ வரம்பே இல்லை. முன்வாசலுக்குப் பூட்டு, பின்வாசல் திறப்பு என்பது போல!

கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 2018 சனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு இது மாறானது என்று கூறித் திட்டத்தையே செல்லாததாக்கியது. அவ்வழக்கைத் தொடுத்தவர்களுள் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. அக்கட்சி பத்திரம் வழியே பணம் பெற்றதில்லை.

பின்னர் வெளியான விவரங்களைக் கண்டு நாடு வியந்தது. 2019 ஏப்ரலுக்குப் பின் பா.ஜ.க. ஏறத்தாழ 6,060 கோடி ரூபாய் பெற்றிருந்தது. லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங் மட்டும் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதில் 509 கோடி தி.மு.க.வுக்குச் சென்றது. தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டது என்பதனை இங்கே நினைவிற்கொள்க. அ.இ.அ.தி.மு.க. பெற்றது சுமார் 6 கோடி. பத்திரத்தைத் தொடாத மார்க்சிஸ்ட் கட்சியும் 2019 தேர்தலில் தி.மு.க.விடமிருந்து 10 கோடி ரூபாய் பெற்றது, தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் அளித்த கணக்கிலேயே அது உள்ளது. வங்கி வழியே, கணக்கில் காட்டிப் பெற்ற பணம் அது என்பதும் உண்மை. எக்கட்சியையும் முழு வெள்ளை என்றோ முழுக் கறுப்பு என்றோ சொல்லிவிட முடியாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

இது மேல்மட்டத்துப் பணம். கீழ்மட்டத்தில் நம் வீட்டுக் கதவு வரை வரும் பணமும் உண்டு. வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததன் காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. நாடெங்கும் பேசப்பட்ட தலைக்குனிவு அது.

எம் குப்பி ஒருவர் உண்டு. இளமையிலே கணவரை இழந்து, தையல் இயந்திரத்தை நம்பிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு தேர்தலுக்கு முந்தைய இரவில் அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஓர் உறை நீட்டப்பட்டது. அவர் வாங்கிக்கொண்டார். செய்தி அறிந்து நான் வருந்திக் கேட்டபோது, அவர் கூறிய விடை இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. “கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு தம்பி. நீ நியாயம் பேசுறே. அடுப்புக்கு யாரு பேசுறது?” எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

சில மாதங்கள் சென்றன. அவர் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு, மழைநீர் வீட்டுக்குள் புகுந்தது. அன்று உறை நீட்டியவரையே தேடிச் சென்று முறையிட்டார் குப்பி. அம்மனிதர் கடுமையாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்: “அதான் அன்னைக்கே கணக்கு முடிஞ்சிருச்சேம்மா!”

நேயர்களே, இந்த ஒரு சொற்றொடரில் எல்லாம் அடங்கிவிட்டது. நாம் வாக்களிக்கும்போது, வென்றவர் நமக்குக் கடன்படுகிறார். ஐந்தாண்டுகள் அந்தக் கடனை நாம் கேட்டு வாங்கலாம். உறையை வாங்கிய கணத்தில் கடன் தீர்ந்துவிடுகிறது. அதன் பின் அவர் கடன்பட்டிருப்பது, அந்த உறைக்குள் பணத்தை வைத்துக் கொடுத்த முதலாளிக்குத்தான்.

குப்பியை நான் குறைகூற மாட்டேன். பசியைப் பார்த்து விலை பேசியவரே குற்றவாளி. ஆயினும், வாக்கு ஓர் அமானிதம் என்றால், அதற்கு விலை வாங்கும் உரிமை நமக்கும் இல்லை.

மூன்றாம் கேள்வி: அடுப்பங்கரைச் செலவு

குப்பியின் கேள்விக்கு இப்போது வருவோம். அடுப்புக்கு யார் பேசுவது?

2023 ஆகஸ்டில் சென்னையில் வீட்டு எரிவாயு உருளை ஒன்றின் விலை 1,118 ரூபாய் 50 காசு. அம்மாத இறுதியில் 200 ரூபாய் குறைந்தது. தேர்தல் நெருங்கிய 2024 மார்ச்சில் மேலும் 100 ரூபாய் குறைந்து 818 ரூபாய் 50 காசு ஆயிற்று. தேர்தல் முடிந்து, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு உலகச் சந்தை ஒரு காரணம் எனலாம். ஆனால் தேர்தல் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இல்லத்தரசிகளுக்கு நல்ல கணக்குப் பயிற்சி! உருளை 500 ரூபாய்க்கு, பெட்ரோல் 75 ரூபாய்க்கு என்று 2024-இல் தி.மு.க. அறிக்கை கூறியது. மகளிருக்கு மாதம் 3,000 ரூபாய் என்று அ.இ.அ.தி.மு.க. அறிக்கை கூறியது. நியாய விலைப் பொருள்களை எல்லோருக்கும் விரிவாக்க வேண்டும் என்றது மார்க்சிஸ்ட் அறிக்கை. ஒன்றிய ஆட்சி அமைந்தாலன்றி இவற்றுள் பெரும்பாலானவை நிறைவேறா.

இனி வெள்ளகவிக்குத் திரும்புவோம். காப்பி, மிளகு, பட்டர் புரூட் என நல்ல விளைச்சல் தரும் மண் அது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசெல்லக் குதிரைக் கூலி. உப்பும் பருப்பும் ஊருக்குக் கொண்டுவரவும் குதிரைக் கூலி. விற்கும்போது விலை குறையும். வாங்கும்போது விலை ஏறும். பாதை இல்லாத ஊரில் வறுமை இருபக்கமும் அறுக்கும் வாள். 2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தது. 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் அது கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நல்ல திட்டந்தான். ஆனால் பேருந்தே செல்லாத ஊரின் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? மேடையில் அறிவிக்கும் சலுகை ஒருவருக்குச் சென்று சேர, முதலில் ஒரு வழி வேண்டும்.

அந்த வழிக்காகப் பேச வேண்டியவரும் நாடாளுமன்ற உறுப்பினர்தான். வனநிலத்தில் சாலை போட, ஒன்றிய அரசின் வனச் சட்டங்கள் குறுக்கே நிற்கும். ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்துள்ளது. கிராம சபை பரிந்துரைத்தால், சாலை, பள்ளி, குடிநீர் போன்ற தேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாத வனநிலத்தை ஒதுக்கலாம். உறுப்பினருக்கு ஆண்டுதோறும் 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியும் உண்டு. மனமிருந்தால் தொடங்குவதற்கு இவை போதும்.

மூன்றும் ஒன்றே

இப்போது மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள். விலைவாசி நெருக்குவதால் ஏழை உறையை வாங்குகிறார். உறைக்குப் பணம் கொடுத்தவர், அதனைப் பன்மடங்காக வேறு வழியில் எடுத்துக்கொள்கிறார். விலைவாசி மீண்டும் ஏழையையே நெருக்குகிறது. இதனைத் தட்டிக் கேட்க வேண்டிய மக்களோ, நீ நம்மவனா, உன் காகிதத்தைக் காட்டு என்னும் கேள்விக்கு அஞ்சி வாய் மூடுகின்றனர். தோட்டனூத்து முகாமில் வாக்கில்லாதவரும், வெள்ளகவியில் வாக்கிருந்தும் வழியில்லாதவரும், குப்பியைப் போல வாக்கை உறைக்குக் கொடுத்துவிட்டவரும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது ஒன்றே: “ஐயா, நீங்கள் யாருக்குக் கடன்பட்டவராகச் சபைக்குள் நுழைவீர்கள்?”

வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்தையும் கடனையும் வழக்குகளையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனை எவரும் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் அதனை எடுத்து, பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். வாக்காளர் பட்டியலில் வீட்டார் அனைவரின் பெயரும் பிழையின்றி உள்ளதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் 1950 என்னும் எண்ணை அழையுங்கள். கதவைத் தட்டி உறை நீட்டுபவரிடம் சண்டை வேண்டாம். “இதை வாங்கினால் கணக்கு முடிந்துவிடும்; எங்களுக்குக் கணக்கு தொடர வேண்டும்” என்று கூறிக் கதவைச் சாத்துங்கள். வாங்க மறுத்த அண்டை வீட்டில் அன்று அடுப்பெரியவில்லை என்றால், அந்த உருளைக்கான பணத்தை மஹல்லா கொடுக்கட்டும். அவ்வீட்டுக்கு நாம் செய்யும் உபதேசம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

சென்ற ஆண்டு குப்பியைச் சந்தித்தபோது, இக்கட்டுரையின் கருத்தைச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார். பிறகு, “அடுத்த தடவை வந்தா வாங்க மாட்டேன் தம்பி. அந்தச் சாக்கடைய அவங்கதான் சரிபண்ணணும்” என்றார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.